பழைய பியானோ வாங்கலாமா? பளபளப்பை விடுங்கள், இழுவிசையைப் பாருங்கள்

"இலவசம். நீங்களே வந்து எடுத்துச் செல்லவேண்டும்." பழைய பொருள்கள் கைமாறும் விளம்பரங்களில், நிமிர்ந்து நிற்கும் கறுப்புப் பியானோ ஒன்றின் படத்துக்குக் கீழே இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் வளர்ந்து வேறு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அல்லது குடும்பம் சிறிய வீட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும். அதே படத்தைப் போன்ற இன்னொரு பியானோவுக்குக் கடையில் ஆயிரக்கணக்கான வெள்ளி விலை சொல்வார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எதை வாங்குவது?

இது வெறும் பேரம் பேசும் கேள்வி அன்று. குறையுள்ள பியானோவை வாங்கிவிட்டால் அதைச் சுமந்து வரும் செலவு, பழுதுபார்க்கும் செலவு, கடைசியில் தூக்கியெறியும் செலவு என மூன்றும் வாங்கியவர் தலையில் விழும். அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. சில கட்டைகள் சிக்கிக்கொண்டும் சில கட்டைகள் சுதி விலகியும் ஒலிக்கும் கருவியில் பழகும் பிள்ளை, கருவியின் குறையைத் தன் திறமைக் குறையாக எண்ணிக்கொண்டு இசையையே விட்டுவிடக்கூடும்.

நல்ல செய்தி என்னவென்றால், ஒரு பழைய பியானோவை முதற்கட்டமாகச் சோதித்துப் பார்க்க உங்கள் பள்ளி இயற்பியல் பாடமே பெருமளவு போதும். இழுவிசை, உராய்வு, அதிர்வெண், ஈரப்பதம் ஆகிய நான்கும் தெரிந்தால் பியானோவின் உடல்நிலையை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பியானோவில் வரும் குறைகள் இரண்டு வகை. கட்டை, சுத்தியல், மிதி போன்ற அசையும் உறுப்புகளில் வரும் குறைகள் ஒரு வகை. இவற்றைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பாரம் தாங்கும் உறுப்புகளில் வரும் குறைகள் இன்னொரு வகை. இவற்றைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு சாதாரணப் பியானோ ஒன்றின் விலையையே தாண்டிவிடும். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் வாங்குபவரின் வேலை.

பெட்டிக்குள் 18 டன்

பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளும் சேர்ந்து 88 கட்டைகள் உள்ளன. ஆனால் தந்திகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 220 முதல் 230 வரை இருக்கும். மேல் ஸ்தாயியிலும் நடுப்பகுதியிலும் ஒரு கட்டைக்கு மூன்று தந்திகள். கீழே இறங்க இறங்க அது இரண்டாகி, அடிமட்டச் சுரங்களுக்கு ஒரே தந்தியாகிவிடும்.

ஒவ்வொரு தந்தியையும் ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான விசையுடன் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். எஃகுத் தந்தி கிட்டார் ஒன்றில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் அளவு இது. இருநூற்றுச் சொச்சம் தந்திகளின் இழுவிசையையும் கூட்டினால் ஏறத்தாழ 18 டன் எடைக்குச் சமம். வளர்ந்த ஆசிய யானைகள் நான்கைந்தின் எடை அது. யாரும் வாசிக்காமல் பியானோ மூலையில் சும்மா நிற்கும்போதும், இரவும் பகலும், இந்த இழுவிசை இருந்துகொண்டே இருக்கிறது.

இதை எது தாங்குகிறது? உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம். தொடக்ககாலப் பியானோக்களில் மரச்சட்டமே இருந்தது. முழுவதும் ஒரே வார்ப்பாக அமைந்த இரும்புச் சட்டத்துக்கு 1825ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆல்ஃபியஸ் பாப்காக் என்பவர் காப்புரிமை பெற்றார். தந்திகளை மேலும் இறுக்கிக் கட்டவும், அதனால் பலத்த ஒலியைப் பெறவும் இரும்புச் சட்டமே வழிவகுத்தது.

ஆனால், எல்லாம் இரும்பு அன்று. ஒவ்வொரு தந்தியின் ஒரு முனை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ஆணியில் சுற்றப்பட்டிருக்கிறது. இதை முறுக்காணி எனலாம். வீணையின் பிருடை செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. இந்த ஆணிகள் இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் தடித்த மரப்பலகைக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டுள்ளன. கடின மர அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று குறுக்கு நெடுக்காக ஒட்டிச் செய்த இந்தப் பலகையை ஆணிப்பலகை என்று அழைப்போம். முறுக்காணியைத் திரும்பாமல் பிடித்து வைத்திருப்பது திருகும் இல்லை, பசையும் இல்லை. மரத்துக்கும் எஃகுக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே!

அந்த உராய்வு குறைந்தால் ஆணி மெல்லத் திரும்பும், தந்தி தளரும், சுதி இறங்கும். எத்தனை முறை சுதி சேர்த்தாலும் சில நாள்களிலேயே மீண்டும் இறங்கிவிடும். பழைய பியானோவின் உயிர் இந்த உராய்வில்தான் இருக்கிறது. ஆனால் விளம்பரப் படத்தில் அது தெரியாது.

மரத்தை அசைக்கும் ஈரம்

உராய்வு ஏன் குறைகிறது? முக்கியமான காரணம் ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கம். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். காற்று வறண்டால் ஈரத்தை இழந்து சுருங்கும். மரநாரின் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம்.

ஆணியைச் சுற்றியுள்ள மரம் பருக்க முயலும்போது எஃகு விட்டுக்கொடுப்பதில்லை. எனவே மரநார்கள் நசுங்குகின்றன. பிறகு மரம் சுருங்கும்போது, நசுங்கிய நார்கள் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. துளை மிகச் சிறிதளவு பெரிதாகிவிடுகிறது. இது பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் நடந்தால் பிடிப்புத் தளர்ந்துவிடும்.

சிங்கப்பூரில், மழையில்லாத ஒரு நாளில்கூட, சூரியன் உதிக்குமுன் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும் ஒப்பு ஈரப்பதம் பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்குகிறது. பியானோவுக்கு உகந்தது 40 முதல் 60 விழுக்காடு வரையிலான, அதிகம் மாறாத ஈரப்பதம். இரவில் குளிர்சாதனம் ஓடி, பகலில் சன்னல் திறந்திருக்கும் அறையில் நிற்கும் பியானோ, நாள்தோறும் இருவேறு பருவங்களைச் சந்திக்கிறது எனலாம்.

ஆகவே விற்பவரிடம் "எத்தனை வயது?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "எந்த அறையில், எந்தச் சுவர் ஓரம் இருந்தது? குளிர்சாதனம் ஓடுமா? கடைசியாக எப்போது சுதி சேர்த்தீர்கள்?" என்றும் கேளுங்கள். நிலையான சூழலில் இருந்த 40 ஆண்டுப் பியானோ, மழைச்சாரல் அடிக்கும் சன்னலோரம் நின்ற 15 ஆண்டுப் பியானோவைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

சுதி எவ்வளவு விலகியது என்பதைவிட, எப்படி விலகியது?

இதுதான் சோதனையின் மையம். பழைய பியானோ சுதி விலகியிருப்பது இயல்பு. அதற்காக மட்டும் அதை ஒதுக்கிவிடத் தேவையில்லை. விலகல் எந்த முறையில் இருக்கிறது என்பதே நமக்கு உண்மையைச் சொல்லும்.

கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுதி பார்க்கும் செயலி ஒன்றைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நடுப்பகுதியிலுள்ள 'ஏ' சுரத்தின் அனைத்துலக அளவு 440 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள 'ஏ' 880 ஹெர்ட்ஸ், அதற்கும் மேலே 1,760. கீழே இறங்கினால் 220, 110. இந்த ஐந்து சுரங்களையும், இடையிலுள்ள வேறு சில சுரங்களையும் ஒவ்வொன்றாக வாசித்து, செயலி காட்டும் விலகலைத் தாளில் எழுதுங்கள். செயலி பெரும்பாலும் விலகலை 'சென்ட்' என்னும் அலகில் காட்டும். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள அரைச்சுர தூரத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கே ஒரு சென்ட்.

எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில், எடுத்துக்காட்டாக 20 முதல் 25 சென்ட் வரை, இறங்கியிருந்தால் அந்தப் பியானோவை நெடுநாள் யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். தந்திகள் மெல்ல நீண்டிருக்கின்றன, ஆனால் ஆணிகளின் பிடிப்பு நன்றாக இருக்க வாய்ப்புண்டு. மாறாக, ஒரு சுரம் 10 சென்ட், அடுத்தது 60 சென்ட், அதற்கடுத்தது 15 சென்ட் என்று தாறுமாறாக இறங்கியிருந்தால் சில ஆணிகள் தளர்ந்திருக்கலாம். முன்னது கவனிப்பின்மையின் அடையாளம், பின்னது நோயின் அறிகுறி.

இதை உறுதிப்படுத்த இன்னொரு வழி, ஒரே கட்டைக்குரிய மூன்று தந்திகளைக் காதால் கேட்பது. மூன்றும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால் ஒலி நேராக, தெளிவாக ஒலிக்கும். ஒன்று 440 ஹெர்ட்ஸிலும் மற்றொன்று 442 ஹெர்ட்ஸிலும் அதிர்ந்தால் இரண்டு அலைகளும் மாறி மாறிக் கூடியும் குறைந்தும், நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். இதையே இயற்பியலில் விம்மல் என்கிறோம். விம்மலின் எண்ணிக்கை இரண்டு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம். ஒரு கட்டையில் வேகமான விம்மல், பக்கத்துக் கட்டையில் விம்மலே இல்லை என்றால் அந்தக் கட்டையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இரு கோடிகளிலும் உள்ள சுரங்களில் செயலி காட்டும் சிறு விலகலைப் பெரிதுபடுத்த வேண்டாம். தந்தியின் விறைப்புக் காரணமாக, நன்றாகச் சுதி சேர்த்த பியானோவிலும் உச்சச் சுரங்கள் சற்று ஏறியும் அடிச்சுரங்கள் சற்று இறங்கியும் இருக்கும்.

ஓர் அரைச்சுரம் இறங்கினால் 2 டன்

"கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சுதி சேர்த்தால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொல்லலாம். எவ்வளவு இறங்கியிருந்தால் அதை ஏற்கலாம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தந்தியின் நீளமும் தடிமனும் மாறாதபோது, அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேறு வகையில் சொன்னால், இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஒரு பியானோ முழு அரைச்சுரம் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 440 ஹெர்ட்ஸ் இருக்கவேண்டிய சுரம் ஏறத்தாழ 415 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். 415ஐ 440ஆல் வகுத்து, விடையை வர்க்கப்படுத்துங்கள். ஏறத்தாழ 0.89 வரும். அதாவது இழுவிசையில் 11 விழுக்காடு குறைந்துள்ளது. மொத்தம் 18 டன்னில் அது ஏறத்தாழ 2 டன்!

அந்த 2 டன்னையும் பழைய தந்திகள், பழைய மரம், பழைய ஒட்டுகள் ஆகியவற்றின்மேல் மீண்டும் ஏற்றவேண்டும். துருப்பிடித்த தந்திகள் அறுந்துபோகலாம். ஒரு பகுதியை இறுக்கும்போது ஒலிப்பலகையின்மீதுள்ள அழுத்தம் மாறுவதால் முன்பு இறுக்கிய பகுதி மீண்டும் இறங்கிவிடும். எனவே ஒரே முறையில் வேலை முடியாது, இரண்டு மூன்று முறை சுதி சேர்க்க வேண்டியிருக்கும். கால்பங்கு அரைச்சுரம் இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். முழு அரைச்சுரம் இறங்கியிருந்தால், பழுதுபார்ப்பவரின் கருத்தைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

புதிதாகச் சுதி சேர்த்திருந்தால்?

நீங்கள் போவதற்கு முதல்நாள் சுதி சேர்த்திருந்தால் மேற்கண்ட சோதனை எதையும் காட்டாது. அப்போது கண்ணுக்கு வேலை கொடுங்கள். உரிமையாளரிடம் சொல்லி மேல்மூடியைத் திறக்கச் சொல்லி, டார்ச் விளக்கு அடித்து முறுக்காணிகளைப் பாருங்கள். சில ஆணிகள் மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாகவோ வேறு நிறத்திலோ இருந்தால், அங்கே தளர்ந்த ஆணிகளை எடுத்துவிட்டுப் பெரிய ஆணிகளைச் செருகியிருக்கிறார்கள். ஆணிகள் மிக ஆழமாக அடிக்கப்பட்டு, தந்திச் சுருள் இரும்புச் சட்டத்தைத் தொடும் அளவுக்கு இருந்தாலும், ஆணிகளைச் சுற்றி எண்ணெய் போன்ற கறை படிந்திருந்தாலும், பிடிப்பை மீட்க யாரோ போராடியிருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டு மூன்று ஆணிகளை மாற்றியிருந்தால் பெரிய பாதகமில்லை. வரிசை வரிசையாக மாற்றியிருந்தால் யோசிக்கவேண்டும். முடிந்தால் மூன்று நான்கு வாரம் கழித்து மீண்டும் போய் அதே சுரங்களைச் சோதித்து, இரண்டு தாள்களையும் ஒப்பிடுங்கள்.

ஒலிப்பலகையும் குதிரையும்

தந்தி மட்டும் அதிர்ந்தால் நமக்குக் கேட்கும் ஒலி மிகச் சிறியது. மெல்லிய தந்தியால் அதிகக் காற்றை அசைக்க முடியாது. பியானோவின் பின்புறத்தில் உள்ள பெரிய மரப்பலகைதான் அந்த அதிர்வை வாங்கிக் காற்றை அசைக்கிறது. இதுவே ஒலிப்பலகை. எடை குறைந்தும் விறைப்பு மிகுந்தும் இருக்கும் ஸ்புரூஸ் மரத்தில் இதைச் செய்வார்கள். தடிமன் ஒரு சென்டிமீட்டரைவிடக் குறைவு. தந்தியின் அதிர்வைப் பலகைக்குக் கடத்தும் நீண்ட மரத்துண்டு குதிரை. வீணையிலும் வயலினிலும் உள்ள குதிரைக்கும் இதே வேலைதான்.

பின்புறத்தில் டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். பலகையில் விரிசல் இருந்தால் உடனே பயந்துவிட வேண்டாம். விரிசல் இருந்தும் நன்றாக ஒலிக்கும் பியானோக்கள் பல உண்டு. விரிசலின் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசி "கிர்ர்" என்று ஒலித்தாலோ, பலகையின் பின்னால் உள்ள குறுக்குச் சட்டங்கள் ஒட்டு விட்டுப் பிரிந்திருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். ஒவ்வொரு கட்டையையும் பலமாக அடித்து, அத்தகைய இரைச்சல் எங்கேனும் வருகிறதா என்று கேளுங்கள். முடிவு செய்யுமுன் பியானோமேல் உள்ள படச்சட்டங்களையும் பொம்மைகளையும் எடுத்துவிடுங்கள். பல சமயம் இரைச்சல் அவற்றிலிருந்துதான் வரும்!

குதிரையின்மேல் வரிசையாகச் சிறு ஆணிகள் இருக்கும். அந்த வரிசை நெடுகிலும் மரம் பிளந்திருந்தால் அது பாரம் தாங்கும் உறுப்பில் வந்த குறை. அந்தப் பகுதியின் ஒலி மழுங்கிப்போய், சீக்கிரமே தேய்ந்து அடங்கிவிடும்.

தந்திகள் சொல்லும் சேதி

பியானோவின் உச்சச் சுரத்தின் அதிர்வெண் 4,186 ஹெர்ட்ஸ், அடிச்சுரத்தின் அதிர்வெண் 27.5 ஹெர்ட்ஸ். முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ 152 மடங்கு. உச்சச் சுரத்தின் தந்தி ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளம். நீளத்தை மட்டும் கூட்டி அடிச்சுரத்தைப் பெற நினைத்தால் ஏழரை மீட்டருக்கும் மேல் நீளமான தந்தி வேண்டும். வீவக வீட்டின் வரவேற்பறையில் அதை எங்கே வைப்பது? அதனால்தான் அடிச்சுரங்களுக்கு எஃகுத் தந்தியின்மேல் செப்புக் கம்பியைச் சுற்றி அதன் எடையைக் கூட்டியிருக்கிறார்கள். கனமான தந்தி மெதுவாக அதிரும்.

அந்தச் செப்புச் சுற்றுகளுக்கிடையே பல ஆண்டுத் தூசியும் களிம்பும் அடைந்தால் ஒலி மங்கி, அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் "தொப்" என்று கேட்கும். இடக்கைப் பக்கக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துக் கேளுங்கள். நீண்டு முழங்கவேண்டிய ஒலி பாதியிலேயே செத்துப்போனால் அந்தத் தந்திகளை மாற்றவேண்டிவரும். எஃகுத் தந்திகளில் மேலோட்டமான மங்கல் பரவாயில்லை, செதிலாக உரியும் துரு ஆபத்து. தந்திகளை வெறும் விரலால் தொடாதீர்கள். வியர்வையிலுள்ள உப்பும் ஈரமும் துருவுக்கு வழிவிடும்.

சுத்தியல், கட்டை, மிதி

இனி, சரிசெய்யக்கூடிய பகுதிக்கு வருவோம். கட்டையை அழுத்தும்போது, கம்பளி ஃபெல்ட் சுற்றிய மரச் சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு உடனே பின்வாங்குகிறது. நாம் கட்டையை அழுத்தியபடியே இருந்தாலும் சுத்தியல் தந்தியில் ஒட்டிக்கொண்டு நிற்காது. நின்றால் ஒலியே எழாது. பியானோ என்ற கருவிக்கு உயிர் கொடுத்த கண்டுபிடிப்பே இதுதான்.

மேல்மூடியைத் திறந்து சுத்தியல்களின் முகத்தைப் பாருங்கள். தந்திகள் பதிந்து மூன்று கோடுகள் விழுந்திருக்கும். கோடு ஆழமாக இருந்தாலும் ஃபெல்ட் தடிமனாக மிச்சமிருந்தால், தேய்த்து மறுவடிவம் கொடுக்கலாம். மரம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் சுத்தியல்களையே மாற்றவேண்டும். அந்துப்பூச்சி அரித்த பள்ளங்கள் உண்டா என்றும் பாருங்கள்.

பிறகு 88 கட்டைகளையும் ஒன்று விடாமல் வாசியுங்கள். அழுத்திய கட்டை மேலே வரத் தாமதித்தால், ஈரத்தால் பருத்த ஃபெல்ட்டோ துருப்பிடித்த சிறு ஊசியோ காரணமாக இருக்கலாம். நம் பருவநிலையில் இது மிகச் சாதாரணம். சில கட்டைகளில் மட்டும் இருந்தால் பழுதுபார்ப்பவர் எளிதில் சரிசெய்துவிடுவார். ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்ப அடியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒலி வருகிறதா என்று பாருங்கள்.

கட்டையைவிட்டு விரலை எடுத்ததும் ஒலி நிற்கவேண்டும். ஒலியடக்கி என்னும் ஃபெல்ட் துண்டு தந்திமேல் அமர்ந்து அதிர்வை நிறுத்துகிறது. ஆனால் உச்சத்திலுள்ள ஏறத்தாழ 20 கட்டைகளுக்கு ஒலியடக்கி கிடையாது. அங்கே ஒலி தொடர்ந்தால் அது குறையன்று. வலது மிதியை அழுத்தினால் எல்லா ஒலியடக்கிகளும் ஒன்றாக விலகவேண்டும், விட்டால் ஒன்றாக அமரவேண்டும்.

கீழ்ப்பலகையைத் திறந்துகாட்டச் சொல்லி மிதிகளுக்குப் பின்னாலும் பாருங்கள். கறையான் மண் தடம், உளுத்த மரத்தூள், நீர் தேங்கிய கறை ஆகியவற்றில் எது இருந்தாலும் விலகிவிடுவது நல்லது.

வயது, உயரம், தந்தம்

இங்கே விற்பனைக்கு வரும் பழைய பியானோக்களில் ஜப்பானில் செய்தவை ஏராளம். யமஹா நிறுவனம் 1900ல் தன் முதல் நிமிர்நிலைப் பியானோவைச் செய்தது. கவாய் நிறுவனம் 1927ல் தோன்றியது. இரண்டின் தாயகமும் ஹமமட்சு நகரமே. மேல்மூடியைத் திறந்தால் இரும்புச் சட்டத்தில் வரிசை எண் தெரியும். அதைக் கொண்டு பியானோ எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று நிறுவனத்தின் பட்டியலில் பார்க்கலாம். விற்பவர் சொன்ன வயதோடு அது பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

உயரத்தையும் அளந்து பாருங்கள். யமஹாவின் யூ1 வகை 121 சென்டிமீட்டர், யூ3 வகை 131 சென்டிமீட்டர். உயரம் கூடினால் அடிச்சுரத் தந்திகளுக்கு நீளம் கூடும், ஒலிப்பலகையும் பெரிதாகும். தரமும் நிலையும் ஒத்திருந்தால் உயரமானதன் அடிச்சுரங்கள் தெளிவாக ஒலிக்கும்.

மிகப் பழைய ஐரோப்பியப் பியானோக்களில் வெள்ளைக் கட்டைகளின்மேல் யானைத் தந்தத் தகடு ஒட்டியிருக்கலாம். தந்தத்தில் பொதுவாக அகன்ற முன்பகுதிக்கும் ஒடுங்கிய பின்பகுதிக்கும் இடையே மெல்லிய ஒட்டுக்கோடு தெரியும். சிங்கப்பூரில் யானைத் தந்தப் பொருள்களின் விற்பனைக்கு 2021 செப்டம்பர் 1 முதல் தடை உள்ளது. எனவே அப்படிச் சந்தேகம் எழுந்தால், விற்கவும் வாங்கவும் அனுமதி உண்டா என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மேற்கொண்டு பேசுங்கள்.

மூன்று முடிவுகள்

உங்கள் குறிப்புத்தாளை இப்போது வாசித்துப் பாருங்கள். மூன்றில் ஒரு முடிவுக்கு வரலாம்.

வாங்கலாம்: சுதி சீராகச் சற்று இறங்கியிருக்கிறது, ஆணிகள் ஒரே மாதிரி உள்ளன, இரைச்சல் இல்லை, சில கட்டைகள் மட்டும் மந்தமாக இருக்கின்றன.

பேரம் பேசலாம்: சுத்தியல்கள் தேய்ந்திருக்கின்றன, சில அடிச்சுரத் தந்திகள் மழுங்கியுள்ளன, பல கட்டைகள் சிக்குகின்றன. பழுதுபார்க்கும் செலவை முன்கூட்டியே கேட்டு, விலையோடு கூட்டிப் பாருங்கள்.

விட்டுவிடலாம்: சுதி தாறுமாறாக விலகியிருக்கிறது, ஆணிகள் தளர்ந்திருக்கின்றன, குதிரை பிளந்திருக்கிறது, இரும்புச் சட்டத்தில் விரிசல் உள்ளது, கறையான் தடம் இருக்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று உறுதியானால் இலவசமாகக் கொடுத்தாலும் அது இலவசம் அன்று.

முதல் இரண்டு முடிவுகளில் எதற்கு வந்தாலும், பணம் கொடுக்குமுன் விற்பவரோடு தொடர்பில்லாத பியானோ தொழில்நுட்பர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். ஒவ்வோர் ஆணியும் எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்பதை அவர் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். நீங்கள் செய்த சோதனை அவருடைய வேலைக்கு மாற்று அன்று. ஆனால் நான்கு வீடுகளில் பார்த்த நான்கு பியானோக்களில், அவரை அழைத்துக் காட்டத் தகுந்தது எது என்பதை உங்கள் தாள் சொல்லிவிடும்.

நிமிர்நிலைப் பியானோவின் எடை 200 கிலோவுக்கும் மேல். அதன் பாரமெல்லாம் பின்பக்கம் இருப்பதால் எளிதில் சாய்ந்துவிடும். நீங்களாக நகர்த்த முயலாதீர்கள். மின்தூக்கியின் அளவையும் வீட்டு வாசலையும் முன்கூட்டியே அளந்துவிட்டு, பியானோ தூக்கிப் பழகியவர்களையே அழையுங்கள். வீட்டுக்கு வந்தபின் இரண்டு மூன்று வாரம் புதிய அறையின் ஈரப்பதத்துக்கு மரம் பழகட்டும், அதன் பிறகு சுதி சேர்க்கலாம். குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடமும் வெயில் விழும் சன்னலோரமும் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை சுதி சேர்த்துவந்தால், அடுத்து அதை வாங்க வருபவரின் தாளில் சீரான எண்கள்தாம் இருக்கும்.

செய்து பாருங்கள்: நாணயத் தராசு

கட்டை எவ்வளவு கனமாக இறங்குகிறது என்பதை நாணயங்களால் அளக்கலாம். இப்போது புழங்கும் சிங்கப்பூர் 50 காசு நாணயம் ஒன்று ஏறத்தாழ 6.5 கிராம். எட்டு நாணயங்கள் சேர்ந்தால் 50 கிராமுக்குச் சற்று மேல். வலது மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கட்டையின் முன்விளிம்பில் நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். நல்ல நிலையிலுள்ள பியானோவில் ஏறத்தாழ எட்டு நாணயங்களிலேயே கட்டை மெல்ல இறங்கத் தொடங்கும். பல கட்டைகளில் சோதித்து எண்ணிக்கையை எழுதுங்கள். சிறு வேறுபாடு இயல்பு. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் ஒன்றுக்கு ஏழு, மற்றொன்றுக்குப் பன்னிரண்டு என்று வந்தால் அங்கே உராய்வு கூடியிருக்கிறது. அது சரிசெய்யக்கூடிய குறைதான், ஆனால் பேரம் பேசும்போது மறந்துவிடாதீர்கள்!

உங்களுக்குத் தெரியுமா?

பியானோவை உருவாக்கியவர் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் மெடிசி குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பராமரித்த பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி. ஏறத்தாழ 1700ஆம் ஆண்டில் அவர் செய்த கருவி மென்மையாகவும் உரக்கவும் ஒலிக்க வல்லதாக இருந்தது. 'பியானோ' என்ற இத்தாலியச் சொல்லுக்கு 'மென்மையாக' என்று பொருள். அவர் செய்த பியானோக்களில் மூன்று இன்றும் உள்ளன. அவற்றில் மிகப் பழையது 1720ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் கலை அரும்பொருளகத்தில் இருக்கிறது.